கூட்டவா, கழிக்கவா? வார்த்தைக் கணக்குகள் குறித்து வாசகர் கேள்விகளும் பதில்களும்

மொரிஷியஸில் படிக்கும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் வார்த்தைக் கணக்குகள் பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். ஆறாம் வகுப்பின் முடிவில் பி.எஸ்.ஏ.சி. என்னும் தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வை எழுதவிருக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளிலிருந்தே பெரும்பாலான கடிதங்கள் வந்துள்ளன. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதப்படுகிறது.

கேள்வி: என் மகன் நான்காம் வகுப்பில் படிக்கிறான். வாய்ப்பாடு தலைகீழாகத் தெரியும்; எண்களை மட்டும் கொடுத்தால் தவறே வராது. நான்கு வரியில் ஒரு கணக்கு வந்துவிட்டால் மட்டும், படித்து முடிப்பதற்குள் "அம்மா, இது கூட்டலா கழித்தலா?" என்று கேட்கிறான். மாலை லெசோன் (தனிப்பயிற்சி) ஆசிரியர், மொத்தம் என்று வந்தால் கூட்டு, மீதி என்று வந்தால் கழி, ஒவ்வொருவருக்கும் என்று வந்தால் வகு என ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை மனப்பாடம் செய்தும் பலன் இல்லை. என்ன செய்யலாம்?
– ஒரு தாய், ரோஸ் ஹில்

பதில்: சகோதரி, உங்கள் மகன் கேட்கும் அந்தக் கேள்வியிலேயே சிக்கல் எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது. கணக்கில் சொல்லப்படும் நிகழ்ச்சி என்ன என்பதை மனத்தில் வாங்கிக்கொள்ளும் முன்பே, அதிலுள்ள எண்களை என்ன செய்வது என்ற அவசரம் அவனுக்கு வந்துவிடுகிறது. ஆசிரியர் நல்லெண்ணத்தோடு கொடுத்த பட்டியல் அந்த அவசரத்துக்குத்தான் துணைபோகிறது. ஆகவே, அந்தத் தாளை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள் என்பதுதான் என்னுடைய முதல் ஆலோசனை.

பட்டியல் எப்படிக் காலைவாரும் என்பதற்கு ஒரு கணக்கைப் பாருங்கள். "மகேபூர் சந்தையில் ஒரு வியாபாரி காலையில் 45 அன்னாசிப் பழங்களை விற்றார். இது மாலையில் விற்றதைவிட 18 அதிகம். மாலையில் எத்தனை பழங்களை விற்றார்?" பட்டியலை நம்பிய பிள்ளை 'அதிகம்' என்பதைப் பிடித்துக்கொண்டு 45உடன் 18ஐக் கூட்டி 63 என்று எழுதிவிடும். சரியான விடை 27. இவ்வகை வாக்கியங்கள் சிறுபிள்ளைகளை மட்டும் ஏமாற்றுவதில்லை. அமெரிக்காவில் லூயிஸ், மேயர் என்னும் இரு ஆய்வாளர்கள் 1987இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களும் இப்படித் திருப்பிச் சொல்லப்பட்ட ஒப்பீடுகளில்தான் கூடுதலாகத் தவறினார்கள் என்று தெரியவந்தது.

பிரான்சில் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் 1980ஆம் ஆண்டு வாக்கில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்ட ஒரு கேள்வி இன்றுவரை பேசப்படுகிறது. "ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் உள்ளன. கப்பல் தலைவரின் வயது என்ன?" கேட்கப்பட்ட 97 பிள்ளைகளில் 76 பேர், கொடுத்த எண்களைக் கொண்டு ஏதோ ஒரு கணக்குப் போட்டுத் தலைவருக்கு ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளை அறிவில்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எண்கள் இருந்தால் விடை இருந்தே தீரும் என்றும், விடை எழுதாமல் விட்டால் திட்டு விழும் என்றும் பள்ளிக்கூடம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது.

இனி வீட்டில் செய்யக்கூடியது. கணக்கில் வரும் எண்களின் மேல் சிறு காகிதத் துண்டுகளை வைத்து மூடிவிடுங்கள். கடைசியில் உள்ள கேள்வி வாக்கியத்தையும் மூடிவிடுங்கள். மேலே சொன்ன கணக்கு இப்போது, "ஒரு வியாபாரி காலையில் சில பழங்களை விற்றார், இது மாலையில் விற்றதைவிடச் சில பழங்கள் அதிகம்" என்ற அளவில் நிற்கும். கூட்டுவதற்கோ கழிப்பதற்கோ கையில் எதுவும் இல்லாதபோது பிள்ளை வேறு வழியின்றிக் கதையைக் கவனிக்கும். "காலையில் கூடுதலாக விற்றாரா, மாலையில் கூடுதலாக விற்றாரா?" என்று கேளுங்கள். "காலையில்தான்" என்ற பதில் வந்தபிறகு, "இந்தக் கதையில் என்னென்ன கேட்கலாம்?" என்று கேளுங்கள். பிள்ளை தானாகவே இரண்டு மூன்று கேள்விகளைச் சொல்லும். அதன் பிறகே காகிதங்களை ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும். 45 என்ற எண் வெளிப்பட்டதும், "மாலையில் விற்றது 45ஐவிடக் கூடுதலாக இருக்குமா, குறைவாக இருக்குமா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டால், 63 என்ற விடைக்கு இடமே இருக்காது.

தொடக்கத்தில் ஒரு கணக்குக்கே கால் மணி நேரம் ஆகலாம். அதைக் கண்டு பதறவேண்டாம். கூட்டல் கழித்தல் கணக்குகளின் கதைகள் எண்ணிறந்தவை போலத் தோன்றினாலும், பெரும்பாலானவை மூன்று குடும்பங்களுக்குள் அடங்கிவிடும் என்பதை மகனுக்கு மெல்ல மெல்லக் காட்டலாம். ஒன்றில் எதுவோ வந்து சேர்கிறது, அல்லது விலகிப் போகிறது. மற்றொன்றில் இரண்டு பகுதிகள் சேர்ந்து ஒரு முழுமை ஆகின்றன. இன்னொன்றில் இரண்டு அளவுகள் ஒப்பிடப்படுகின்றன. மூன்றிலும் ஒப்பீடுதான் கடினமானது, ஏனென்றால் அங்கே எதுவும் நடப்பதில்லை. இரண்டு அளவுகள் பக்கத்துப் பக்கத்தில் வெறுமனே நிற்கின்றன.

கேள்வி: எனக்குத் தமிழும் கிரியோலும் பிரெஞ்சும் வரும், ஆங்கிலம் சரளமாக வராது. பேத்தியின் கணக்குப் புத்தகமோ ஆங்கிலத்தில் இருக்கிறது. நான் தமிழிலோ கிரியோலிலோ விளக்கினால் அவள் தேர்வில் குழம்பிவிடுவாள் என்று மருமகள் அஞ்சுகிறார். நான் ஒதுங்கிக்கொள்வதுதான் நல்லதா?
– ஒரு தாத்தா, பாம்ப்லமூஸ்

பதில்: ஐயா, தாங்கள் ஒதுங்கவேண்டாம். நம் நாட்டில் பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசி, தெருவிலும் தொலைக்காட்சியிலும் பிரெஞ்சைக் கேட்டு, கணக்கை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். இவற்றோடு தமிழையும் கற்கும் பிள்ளைக்கு நான்கு மொழிகள் ஆகின்றன. இந்நிலையில், ஒரு கணக்கு தவறிப்போனால் தவறு கணக்கிலா, வாசிப்பிலா என்பதைக் கண்டுபிடிப்பதே முதல் வேலை. அதற்கு ஆங்கிலப் புலமையைவிடப் பொறுமை கூடுதலாகத் தேவைப்படும், அது தாத்தாக்களிடம்தான் தாராளமாக இருக்கிறது.

ஆஸ்திரேலியக் கல்வி ஆய்வாளர் ஆன் நியூமன் 1977இல் முன்வைத்த ஒரு முறை தங்களுக்கு மிகவும் பயன்படும். பிள்ளை தவறவிட்ட கணக்கை மீண்டும் எடுத்து, ஐந்து படிகளாக விசாரிக்கவேண்டும். முதலில் கணக்கை வாய்விட்டுப் படிக்கச் சொல்லவேண்டும். அடுத்து, என்ன கேட்கப்படுகிறது என்பதை அவளுடைய சொந்தச் சொற்களில் சொல்லச் சொல்லவேண்டும். பிறகு, எந்த வழியில் கண்டுபிடிக்கப் போகிறாய் என்று கேட்கவேண்டும். நான்காவதாக, கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லவேண்டும். கடைசியாக, விடையை முழுமையாக எழுதச் சொல்லவேண்டும். எந்தப் படியில் பேத்தி தடுக்கி விழுகிறாள் என்பதைப் பார்த்துவிட்டால், அந்தப் படிக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதும். இரண்டாம் படியில் நின்றுவிடும் பிள்ளைக்கு வாய்ப்பாட்டை நூறு முறை எழுதக் கொடுப்பதில் பயன் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு. "ஒரு ஜோடி தால் பூரியின் விலை 25 ரூபாய். ஆறு நண்பர்கள் ஆளுக்கு ஒரு ஜோடி வாங்கி, 200 ரூபாய் நோட்டைக் கொடுத்தார்கள். எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?" பேத்தி 25ஐ 12ஆல் பெருக்கி 300 என்று எழுதி, 200இலிருந்து 300ஐக் கழிக்க முடியாமல் விழிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய பெருக்கலில் பிழை இல்லை. ஜோடி என்றால் இரண்டு என்று பள்ளியில் படித்ததால், ஒவ்வொரு பூரிக்கும் 25 ரூபாய் போட்டுவிட்டாள். தாங்கள் தாளை ஓரமாக வைத்துவிட்டு, "நேற்றுக் கடையில் உனக்கு வாங்கிக்கொடுத்தேனே, கடைக்காரர் எத்தனை கொடுத்தார், நான் எவ்வளவு கொடுத்தேன்?" என்று கிரியோலிலேயே கேட்டால், கடைக்காரர் ஜோடியாகவே கொடுப்பதும் விலையும் ஜோடிக்கே என்பதும் அவளுக்கு நினைவு வரும். ஆறு ஜோடிக்கு 150 ரூபாய், திரும்பக் கிடைப்பது 50 ரூபாய் என்பதை அவளே சொல்லிவிடுவாள்.

மருமகளின் அச்சத்தையும் தள்ளிவிட வேண்டியதில்லை. தேர்வுத்தாள் ஆங்கிலத்தில் வருவதால், வீட்டு மொழியில் புரிந்துகொண்ட கணக்கை முடிக்கும்போது ஆங்கில வாக்கியத்தை மீண்டும் ஒருமுறை படித்து, அதில் எந்தத் தொடர் எதைச் சொல்லிற்று என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். விடையையும் ஆங்கிலத்தில் ஒரு முழு வாக்கியமாகவே எழுதட்டும்.

கேள்வி: ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு ஆசிரியர் எல்லாக் கணக்குகளுக்கும் கட்டங்கட்டமாக வரையச் சொல்லுகிறார். எக்ஸ் என்று வைத்துச் சமன்பாடு எழுதினால் இரண்டு வரியில் முடிந்துவிடுமே! இந்தப் படங்கள் நேரத்தை வீணாக்குவதாக எனக்குத் தோன்றுகிறது.
– ஒரு தந்தை, கியூர்பிப்

பதில்: தாங்கள் குறிப்பிடுவது பட்டை வரையும் முறை. சிங்கப்பூரில் 1980களில் தொடக்கப் பள்ளிப் பாடத்திட்டத்துக்காக உருவாக்கப்பட்டு, பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது. சமன்பாட்டை எழுதத் தெரிந்தவருக்குப் படம் வீண்வேலையாகத் தோன்றுவது இயல்பு. பத்து வயதுப் பிள்ளைக்கோ எக்ஸ் என்பது என்ன அளவு என்றே பிடிபடாது. ஒரு பட்டையைக் காட்டி, "இது எவ்வளவு என்று இன்னும் தெரியவில்லை" என்றால் பிடிபடும்.

ஒரு கணக்கை இரண்டு வழியிலும் போட்டுப் பாருங்கள். "அண்ணனிடம் தம்பியிடம் உள்ளதைப்போல மூன்று மடங்கு பணம் இருந்தது. அண்ணன் தம்பிக்கு 60 ரூபாய் கொடுத்தபின் இருவரிடமும் சமமான தொகை இருந்தது. முதலில் யாரிடம் எவ்வளவு இருந்தது?" இதில் பிள்ளைகள் வழக்கமாக விழும் குழி, இருவருக்கும் இடையிலிருந்த வேறுபாடு 60 என்று எண்ணிக்கொள்வது. அண்ணனுக்கு ஒரே அளவில் மூன்று கட்டங்களும், அதற்கு நேர்கீழே தம்பிக்கு ஒரு கட்டமும் வரையச் சொல்லுங்கள். சமமாக வேண்டுமானால் ஆளுக்கு இரண்டு கட்டங்கள் இருக்கவேண்டும். அண்ணனின் ஒரு கட்டம் தம்பியின் வரிசைக்கு இறங்கவேண்டும். இறங்கிய அந்தக் கட்டம்தான் 60 ரூபாய். ஆக, தம்பியிடம் 60, அண்ணனிடம் 180. கொடுத்த பிறகு இருவரிடமும் 120. தாங்கள் எழுதும் சமன்பாடும் இதையேதான் சொல்கிறது. ஆனால் 60 ரூபாய் இடம் மாறும்போது இடைவெளி ஏன் 120 ரூபாய் சுருங்குகிறது என்பதை அது பிள்ளையின் கண்முன் காட்டாது.

பின்னக் கணக்குகளில் இந்தப் படத்தின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். "கோயில் அன்னதானத்துக்கு வாங்கிய அரிசியில் ஐந்தில் இரண்டு பங்கு முதல் நாளில் செலவாயிற்று. மீதியில் மூன்றில் ஒரு பங்கு இரண்டாம் நாளில் செலவாயிற்று. இறுதியில் 24 கிலோ எஞ்சியது. வாங்கிய அரிசி எவ்வளவு?" படம் வரையாத பிள்ளை 2/5ஐயும் 1/3ஐயும் கூட்டி 11/15 என்று கண்டுபிடித்து, எஞ்சிய 4/15 பங்கு 24 கிலோ என்று கொண்டு, 90 கிலோ என்று விடை எழுதிவிடும். முழு எண்ணாக அழகாக வந்துவிடுவதால் சந்தேகமும் வராது. ஒரு பட்டையை ஐந்து சம கட்டங்களாகப் பிரித்து இரண்டை அடித்துவிட்டால் மூன்று கட்டங்கள் நிற்கும். அந்த மூன்றில் ஒரு பங்கு என்பது ஒரு கட்டம். அதையும் அடித்துவிட்டால் இரண்டு கட்டங்கள் நிற்கும். இரண்டு கட்டங்கள் 24 கிலோ, ஒரு கட்டம் 12 கிலோ, மொத்தம் 60 கிலோ. 'மீதியில்' என்ற நான்கெழுத்துச் சொல்லைப் பிள்ளை தாண்டிப்போக முடியாதபடி படம் நிறுத்திவைக்கிறது.

ஒன்றிரண்டு எச்சரிக்கைகள் மட்டும். கட்டங்கள் சம அளவில் இருக்கவேண்டும், ஒவ்வொரு பட்டைக்கும் யாருடையது என்று பெயர் எழுதவேண்டும், தெரியாத இடத்தில் ஒரு கேள்விக்குறி போடவேண்டும். எல்லாக் கணக்குக்கும் படம் வேண்டும் என்று ஆசிரியர் வற்புறுத்துவது மிகைதான்; ஒரே பார்வையில் புரிந்துவிடும் கணக்குக்குப் படம் தேவையில்லை. ஏழாம் வகுப்பில் எக்ஸ் வரும்போது, தங்கள் மகள் அந்த ஒற்றைக் கட்டத்துக்கு ஒரு பெயர் கிடைத்ததாக எடுத்துக்கொள்வாள்.

கேள்வி: வகுத்தலைச் சரியாகச் செய்தும் என் மகனுக்கு மதிப்பெண் கிடைப்பதில்லை. மீதியை என்ன செய்வது என்று ஒரு விதி சொல்ல முடியுமா?
– ஒரு தாய், போர்ட் லூயிஸ்

பதில்: விதி என்று ஒன்று இல்லை, கதைதான் மீதியின் தலைவிதியைத் தீர்மானிக்கும். 130ஐ 15ஆல் வகுத்தால் ஈவு 8, மீதி 10. காவடித் திருவிழாவுக்குச் செல்லும் 130 பேரை, ஒரு வேனுக்கு 15 பேர் வீதம் ஏற்றவேண்டுமானால் 9 வேன்கள் வேண்டும். எஞ்சிய பத்துப் பேரை வழியில் விட்டுவிட்டுப் போக முடியாது. 130 ரூபாயைக் கொண்டு, 15 ரூபாய் விலையுள்ள குறிப்பேடுகள் வாங்கினால் 8 மட்டுமே கிடைக்கும், 10 ரூபாய் கையில் நிற்கும். 130 சென்டிமீட்டர் ரிப்பனை 15 சம துண்டுகளாக வெட்டினால், ஒரு துண்டின் நீளம் எட்டேமூன்றில் இரண்டு சென்டிமீட்டர். வகுத்தல் ஒன்று, விடைகள் மூன்று. இந்த மூன்றையும் அடுத்தடுத்து உங்கள் மகனுக்குக் கொடுங்கள்.

அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில் பதின்மூன்று வயது மாணவர்களுக்கு நடத்தப்பட்ட நாடளாவிய மதிப்பீடு ஒன்றில், 1,128 படைவீரர்களை ஒரு பேருந்துக்கு 36 பேர் வீதம் ஏற்ற எத்தனை பேருந்துகள் வேண்டும் என்று கேட்டார்கள். 32 என்று சரியாக எழுதியவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே. அவர்களைவிடக் கூடுதலான மாணவர்கள் "31, மீதி 12" என்று எழுதினார்கள். பேருந்தில் மீதி 12 என்பது என்ன என்று அவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளவில்லை. ஆகவே, எண்ணை மட்டும் எழுதி அடிக்கோடு போடுவதை நிறுத்திவிட்டு, "ஒன்பது வேன்கள் தேவைப்படும்" என்று வாக்கியமாக எழுதப் பழக்குங்கள். வாக்கியம் எழுதும்போது பொருந்தாத விடை தானே உறுத்தும்.

கேள்வி: தேர்வுக்கு முன் நாளொன்றுக்கு எத்தனை வார்த்தைக் கணக்குகள் போடவேண்டும்? பழைய வினாத்தாள்கள் வீட்டில் குவிந்து கிடக்கின்றன.
– ஒரு தந்தை, வாக்கோவா

பதில்: இரண்டு போதும், இரண்டையும் முழுமையாகப் பேசி முடித்தால். கூடவே, பிள்ளை தானே ஒரு கணக்கை எழுதி உங்களுக்குத் தரட்டும். அதை நீங்கள் போடும்போது, கொடுத்த விவரம் போதவில்லை என்று சில வேளை நீங்களே சொல்ல நேரிடும். அந்தத் தருணத்தில் பிள்ளை கற்றுக்கொள்வது, அச்சிட்ட வினாத்தாளில் எளிதில் கிடைக்காது. நேரம் வைத்துக் கொத்துக்கொத்தாகப் போடும் பயிற்சியைத் தேர்வு நெருங்கும் வாரங்களுக்கு ஒதுக்கிவையுங்கள்.

கேள்வி: நேரக் கணக்குகளில் மட்டும் என் பேரன் தொடர்ந்து தவறுகிறான். மகேபூரிலிருந்து 7.50க்குப் புறப்பட்ட பேருந்து 9.15க்குப் போர்ட் லூயிஸ் வந்துசேர்ந்தால் பயணம் எவ்வளவு நேரம் என்ற கணக்குக்கு, 1 மணி 65 நிமிடம் என்று எழுதியிருக்கிறான்!
– ஒரு பாட்டி, மகேபூர்

பதில்: அம்மா, பேரன் 9.15இலிருந்து 7.50ஐ ரூபாயும் சதமும் போலக் கழித்திருக்கிறான். ரூபாய்க்கு நூறு சதம், மணிக்கு அறுபது நிமிடம் என்பது அவனுக்குத் தெரியாமல் இருக்காது. கழித்தல் என்று கை ஓடத் தொடங்கியதும் அது மறந்துபோயிற்று. இதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. 65 நிமிடம் என்பது ஒரு மணி ஐந்து நிமிடம் என்று யாராவது நினைவூட்டினால், 2 மணி 5 நிமிடம் என்று திருத்தி எழுதிவிட்டுச் சரியாகிவிட்டதாக நம்பிவிடுவான்.

நேரக் கணக்கில் நேரடியாகக் கழிப்பதையே சில காலம் நிறுத்திவையுங்கள். தாளில் ஒரு நீண்ட கோடு கிழித்து, இடது முனையில் 7.50 என்றும் வலது முனையில் 9.15 என்றும் எழுதி, இடையில் 8 மணிக்கும் 9 மணிக்கும் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். 7.50இலிருந்து 8க்கு 10 நிமிடம், 8இலிருந்து 9க்கு ஒரு மணி, 9இலிருந்து 9.15க்கு 15 நிமிடம். மொத்தம் 1 மணி 25 நிமிடம். தாங்கள் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு விரல்விட்டு எண்ணுவதும் இப்படித்தான் இருக்கும்.

நள்ளிரவைத் தாண்டும் கணக்குகளுக்கும் இதே கோடு உதவும். இரவு 10.40க்கு வேலையைத் தொடங்கி மறுநாள் காலை 5.25க்கு முடிக்கும் காவலாளி எவ்வளவு நேரம் வேலை செய்தார் என்றால், 12 மணியில் ஒரு புள்ளியை வைத்து, அதுவரை 1 மணி 20 நிமிடம், அதன்பின் 5 மணி 25 நிமிடம் என்று பிரித்து, 6 மணி 45 நிமிடம் என்று சேர்த்துவிடலாம்.